பாலத்தை மூடியவள்

பதினேழு வருடமாக ஒரே வழித்தடத்தில் பஸ் ஓட்டுகிறேன். குறுக்கே மாடு நின்றிருக்கிறது, மரம் சாய்ந்து கிடந்திருக்கிறது, ஒருமுறை ஓட்டுநரே இல்லாமல் சோபா ஏற்றிய வண்டி ஒன்று நடுரோட்டில் நின்றிருக்கிறது. என் மனைவி நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை.

பாலத்தின் வாயில் இரண்டு காலிப் பெயிண்ட் பீப்பாய்கள். அவற்றின்மேல் குறுக்கே ஓர் ஏணி. ஏணிக்குப் பின்னால் அவள், மூக்கில் கட்டியிருந்த துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, வலது கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். மணி காலை ஏழு இருபது. பஸ்ஸில் நாற்பத்தாறு பேர். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன்.

"என்ன இது?"

"பஸ் போகக் கூடாது. திருப்புங்க."

"எங்க திருப்புறது? பின்னால ரெண்டு டிராக்டர் நிக்குது."

"அதுங்களும் போகக் கூடாது."

"யார் சொன்னா?"

"நான்தான் சொல்றேன்."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். வீட்டில் வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை வரும். அது வந்துவிட்டால் நான் வாதாடுவதில்லை. வாதாடிப் பார்த்த காலமும் உண்டு, பலன் இல்லை. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினேன்.

அவள் பாலத்துக்குப் பெயிண்ட் அடிக்கும் குழுவின் மேஸ்திரி. எங்கள் ஆற்றின் மேல் இருக்கும் அந்தப் பாலத்துக்கு நூறு வயது. தூணுக்குத் தூண் ஒரு கண்ணாக மூன்று கண், முழுக்க இரும்பு, ஒரு இடத்தில்கூட வெல்டிங் கிடையாது, எல்லாம் தட்டி இறுக்கிய ரிவெட் ஆணிகள். இரண்டு பக்கமும் முக்கோணம் முக்கோணமாகப் பின்னி எழுப்பிய சட்டங்களுக்கு நடுவே சாலை போகும். மழைக்காலத்தில் ஆறு மரத்தையும் கூரையையும் அடித்துக்கொண்டு வந்து தூண்களில் மோதும். அது என்ன ஆட்டம் போட்டாலும் பாலம் காதில் போட்டுக்கொண்டதில்லை. இந்தப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக எங்கெங்கோ போனவர்கள்கூட, சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால், "பாலம் இருக்கே, அதுக்கு அந்தப் பக்கம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள், கேட்டவனுக்குப் பாலம் தெரியுமா தெரியாதா என்ற கவலையே இல்லாமல்.

ஆறு வருடத்துக்கு ஒருமுறை பெயிண்ட். இந்தத் தடவை வழக்கத்தைவிட அவசரம். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நூற்றாண்டு விழா. மூவாயிரம் பேர் பாலத்தின் மேல் நிற்கப்போகிறார்கள், பேண்டு வாத்தியம் நடுக்கண்ணில், பெரிய மனிதர்கள் நாற்காலியில். அதற்குள் பழைய பெயிண்டைச் சுரண்டி, துருவை எடுத்து, இரண்டு கை பூசி முடிக்க வேண்டும். அவளும் ஆறு பேரும் மூன்று வாரமாக விடியும்போதே சாரத்தில் ஏறிவிடுவார்கள்.

அந்த ஆறு பேரில் ஒருத்தி என் தங்கை. ஊரில் அவளுக்கு 'மைக் செட்' என்று பெயர். அவள் இக்கரையில் தும்மினால் அக்கரையில் திரும்பிப் பார்ப்பார்கள். அன்று நடந்ததை எனக்கு முதலில் சொன்னதும் அவள்தான்.

ஆறே முக்காலுக்கு நடுக்கண்ணில், மேற்குச் சட்டத்தில், நான்காவது தொங்கலின் அடியை என் மனைவி சுரண்டிக்கொண்டிருந்தாள். மேல்சட்டத்திலிருந்து இறங்கிச் சாலையைத் தாங்கிப் பிடித்திருக்கும் நிமிர்ந்த இரும்பை அவர்கள் தொங்கல் என்பார்கள். பழைய பெயிண்ட் பாளம் பாளமாக உரிந்து வந்தது. உரிந்த இடத்தில், ஒரு ரிவெட்டின் ஓரத்திலிருந்து தலைமுடி மாதிரி ஒரு பழுப்புக்கோடு ஓடியது. துணியால் துடைத்தாள். போகவில்லை. நகத்தால் தடவினாள். நகம் அங்கே லேசாகத் தட்டியது.

"அண்ணி அப்படியே நின்னுட்டாங்க" என்றாள் தங்கை. "நான் என்னன்னு கேட்டேன். மண்ணெண்ணெயும் சாக்பீஸும் எடுத்துட்டு வான்னாங்க."

மண்ணெண்ணெயைக் கோட்டின் மேல் பூசிச் சிறிது நேரம் ஊறவிட்டு, பிறகு சுத்தமாகத் துடைத்து, அதன்மேல் சாக்பீஸைப் பொடியாகத் தேய்த்தாள். இரும்பு முழுதாக இருந்தால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் மெல்ல வெளியே கசிந்து வெள்ளையில் ஈரக்கோடு போடும். கோடு விழுந்தது. அந்த நேரம் பார்த்துப் பால் வண்டி ஒன்று பாலத்தைக் கடந்தது. வண்டி தலைக்கு மேலே வந்தபோது கோடு நனைந்து அகலமானது. போன பிறகு நின்றது. விரிசல் வாயைத் திறந்து மூடுகிறது என்று அர்த்தம்.

அவள் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு ஏறி வந்து பீப்பாய்களை உருட்டினாள். பாலத்தைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியருக்கு ஒரு போன் அடித்தாள், அவர் எடுக்கவில்லை. கேட்பதற்கு அந்த நேரத்தில் வேறு யாரும் இல்லை. ஐந்து நிமிடத்தில் என் பஸ்.

"நடந்து போறவங்க போகலாம்" என்றாள் பயணிகளிடம். "கூட்டமா வேண்டாம். பத்துப் பத்துப் பேரா, கிழக்கு ஓரமா."

அந்தப் பத்துப் பத்தைப் பிரிக்கும் வேலையை என் தங்கை எடுத்துக்கொண்டாள். அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் கேட்கத் தோன்றவில்லை. பயணிகளில் டெய்லர் மட்டும், மடித்த துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு போகிற போக்கில் என்னிடம் சொன்னார்: "உங்க வீட்டம்மா கண்ணுக்குத் துரு தெரியுது. நமக்கு நேரமாகறது தெரியல."

எனக்கும் உள்ளுக்குள் எரிச்சல்தான். பொய் சொல்லக் கூடாது. டிப்போவுக்கு என்ன பதில் சொல்வது, என் பெண்டாட்டி தடுத்தாள் என்றா?

எட்டரை மணிக்கு இன்ஜினியர் மோட்டார் சைக்கிளில் வந்தார். சின்ன வயது, வேலைக்கு வந்து மூன்று வருடம். நல்ல மனுஷன், சட்டை மட்டும் எப்போதும் இஸ்திரி கலையாமல் இருக்கும். இரண்டு வாரத்துக்கு முன்தான் பாலத்தை முழுக்கப் பரிசோதித்து, விழாவுக்குத் தகுதியானது என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே சாரத்தில் இறங்கினார். நானும் பின்னால் இறங்கினேன்.

"அக்கா, இது பெயிண்ட் வெடிப்பு. இதே இடத்துல நான் கை வச்சுப் பார்த்தேன்."

"நீங்க பார்த்தது பெயிண்டை சார். இப்பத்தான் இரும்பு வெளியே தெரியுது."

"பாலத்தை மூடறதுன்னா சும்மா இல்ல. அதுக்கு உத்தரவு வேணும். நீங்க என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்."

"கூப்பிட்டேன். நீங்க எடுக்கல. திரும்பக் கூப்பிடறதுக்குள்ள பஸ் வந்துடும்னு தெரியும். பஸ்ஸை ஓட்டுறது யாருன்னும் தெரியும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன்.

அவள் வாதத்தை அதோடு விட்டுவிட்டாள். மறுபடியும் மண்ணெண்ணெய் பூசினாள், துடைத்தாள், வெள்ளை தேய்த்தாள். மூன்று பேரும் அந்த உள்ளங்கை அகல வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோடு ரிவெட்டின் ஓரத்தில் முளைத்து, கீழே இறங்கி, இணைப்புத் தகட்டுக்குப் பின்னால் போய் மறைந்தது.

இன்ஜினியர் ஹெல்மெட்டைக் கழற்றினார். பையிலிருந்து சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்துத் தகட்டுக்குப் பின்னால் நுழைத்து, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொங்கல் ஒன்று நான்கு கோண இரும்புகளைச் சேர்த்து ரிவெட் அடித்துச் செய்தது. அவற்றில் ஒன்று முழுசாக அறுந்திருந்தது. இன்னொன்று பாதி.

அவர் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார். இஸ்திரிச் சட்டையில் துருப்பொடி அப்பியது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை, சரியா இதுக்கு மேல..." என்று ஆரம்பித்தார்.

"தண்ணி குடிங்க சார்" என்றாள் அவள்.

மதியத்துக்குள் பீப்பாய்களுக்குப் பதிலாக அரசாங்கத் தடுப்பு வந்துவிட்டது. வண்டி மட்டுமல்ல, ஆள் நடமாட்டமும் கூடாது என்று உத்தரவு. விழா தேதி இல்லாமல் தள்ளிப்போனது. அடுத்த பாலம் வழியாகச் சுற்றிப் போனால் முப்பத்தெட்டு கிலோமீட்டர். ஒரு நாளைக்கு ஆறு நடை ஓட்டிய நான் இரண்டு நடைக்கு வந்தேன்.

அன்று சாயங்காலம் மச்சான் வந்தார். அவளுடைய பெரியப்பா மகன். கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். விழாக் குழுவுக்குத் தலைவர். ஒரு வருடமாக அந்த விழாதான் அவருக்குச் சாப்பாடும் தூக்கமும். வந்தவர் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. முன் அறையில் நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. அவள் அப்போதுதான் குளித்துவிட்டு, விரல் இடுக்கில் ஒட்டிய பெயிண்டை எண்ணெய் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, வெளி ஆள் யாராவது செஞ்சிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். நீயே இப்படிச் செஞ்சா நான் எங்க போய்ச் சொல்றது?"

"உக்காருங்க அண்ணே. டீ போடறேன்."

"டீ எல்லாம் இருக்கட்டும். நூறு வருஷம் நின்ன பாலம். இன்னும் பத்து நாள் நிக்காதா? விழா முடிஞ்ச மறுநாள் நீ சொல்லியிருந்தா உன்னை யார் கேட்கப் போறாங்க?"

"மறுநாள் யார்கிட்டண்ணே சொல்றது?"

அவர் என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

காலையில் இருந்த எரிச்சல் அப்போது என்னிடம் இல்லை. மத்தியானம் முப்பத்தெட்டு கிலோமீட்டரைச் சுற்றிக்கொண்டு வந்தபோது மனசு தானாக ஒரு கணக்குப் போட்டிருந்தது: ஒரு நாளைக்கு ஆறு நடை, நடைக்கு நாற்பது ஐம்பது பேர், அத்தனை பேரையும் அந்தப் பாதி அறுந்த இரும்பின் மேல் கூட்டிக்கொண்டு போய் வந்திருக்கிறேன்.

"நான் என்ன சொல்றது மச்சான்? முதல்ல நின்ன வண்டி என்னோடதுதான்" என்றேன்.

டீ ஆறுவதற்குள் அவர் போய்விட்டார். அதற்கப்புறம் இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. கடைக்கு மாத்திரை வாங்கப் போனால் உதவியாளனை விட்டுக் கொடுக்கச் சொன்னார். ஊரும் ஏறக்குறைய அவர் பக்கம்தான். அக்கரையில் காய்கறி போடுகிறவர்கள் லாரிக்காரனிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. கடைத்தெருவில் அவள் நடந்தால் பேச்சு நிற்கும். தங்கைக்கு அது பொறுக்காது, வாயைத் திறக்கப் போவாள். "விடு" என்பாள் இவள். "அவங்களுக்குக் கஷ்டம் உண்மைதானே."

நான்காம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து தலைமைப் பொறியாளர் வந்தார். நரைத்த தலை, கையில் குடை, அதிகம் பேசாத அம்மாள். பெயிண்ட் டப்பாக்கள் அடுக்கிய தகரக் கொட்டகையில், ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். ஊர்க்காரர்கள் வாசலில் கூடியிருந்தோம். மச்சானும் ஒரு ஓரமாக நின்றார்.

"பழைய பாலம்" என்றார் அந்த அம்மாள். "ஒண்ணு விரிசல் விட்டா மத்ததுக்கும் அதே வயசுதானே? இதுக்கு மேல வச்சுக்கிட்டு என்ன பண்றது? பிரிச்சு எடுத்துடலாம்னுதான் மேல எல்லாரும் சொல்றாங்க."

வாசலில் நின்றவர்கள் எல்லாம் இத்தனை நாள் பாலத்தை மூடினாளே என்று திட்டியவர்கள். பாலமே இல்லாமல் போகலாம் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. இன்ஜினியர் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"மேடம், முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். சான்றிதழ் கொடுத்தது நான். பெயிண்ட்டுக்கு மேல பார்த்துக் கொடுத்தேன். தப்பு என்னோடது. அதை எழுத்துலயும் கொடுத்திருக்கேன். ஆனா பாலத்தைப் பிரிக்கறதுக்கு முன்னால மேஸ்திரி சொல்றதை ஒரு தடவை கேளுங்க."

அந்த அம்மாள் திரும்பினார். "சொல்லுங்க."

என் மனைவி கையைக் கட்டிக்கொள்ளவில்லை, குனியவும் இல்லை. பேசுவதற்கு முன் கையில் இருந்த சுரண்டியை மேஜைமேல் வைத்தாள்.

"வயசு எல்லாத்துக்கும் ஒண்ணுதாங்க. ஆனா ஈரம் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி நிக்காது. அந்தத் தொங்கலோட அடியில குருவி கூடு கட்டி, மண்ணு சேர்ந்து, அத்தனை வருஷத் தண்ணியும் அங்கேயே நின்னிருக்கு. அது கெட்டுப்போச்சு. மத்தது எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. பார்த்தாத்தான் தெரியும்."

"எத்தனை இருக்கு?"

"நாப்பத்திரண்டு தொங்கல். மேல ஒண்ணு, கீழ ஒண்ணா எண்பத்து நாலு முனை. எல்லாத்தையும் இரும்பு தெரியறவரைக்கும் சுரண்டி, ஒவ்வொண்ணா வெள்ளை போட்டுப் பார்க்கலாம். பதினஞ்சு நாள் கொடுங்க."

"இன்னொரு விரிசல் வந்தா?"

"வந்தா நானே வந்து சொல்றேன். போன தடவையும் நான்தானே சொன்னேன். ஒரு பல்லு சொத்தைன்னு தாடையையே கழட்டுவாங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். "எனக்குப் போன மாசம்தான் ஒரு பல்லு எடுத்தாங்க" என்றார். "தாடை இருக்கு. பதினஞ்சு நாள். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது."

குடையை எடுத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்.

ஏழு பேரும் மறுநாளே சாரத்தைப் பிரித்து முதல் கண்ணில் கட்டினார்கள். இந்த வேலையில் அழகு ஒன்றும் கிடையாது. துருத்தூசி கண்ணைக் கரிக்கும். கம்பித் தூரிகை கைத்தோலை உரிக்கும். கீழ்முனைகளுக்கு முதுகை வளைத்து, ஆற்றைப் பார்த்துத் தொங்கிக்கொண்டு சுரண்ட வேண்டும். இன்ஜினியர் ஒவ்வொரு முனைக்கும் எண் போட்டு நோட்டில் எழுதினார். மூன்றாம் நாளிலிருந்து அவரும் தூரிகையைக் கையில் எடுத்துக்கொண்டார். சட்டைக்கு இஸ்திரி போடுவதை அதோடு விட்டுவிட்டார்.

நான் இரண்டு நடை முடித்து மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு போவேன். முதலில் நான் மட்டும் போனேன். பிறகு அக்கரைக் காய்கறிக்காரர் ஒருவர் என் பஸ்ஸில் சுற்றிக்கொண்டு இக்கரைக்கு வந்து நின்றார். பிறகு டெய்லர். கரையில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். ஒரு முனை சரியாக இருந்தால் தங்கை எண்ணைக் கத்துவாள்: "முப்பத்தாறு, சுத்தம்!" கரையில் நிற்பவர்கள் தலையசைப்பார்கள், அவர்களே சுரண்டியதுபோல.

ஒன்பதாம் நாள் மூன்றாவது கண்ணில், அறுபத்தொன்பதாம் எண்ணில், வெள்ளையின் மேல் கோடு விழுந்தது.

தங்கையின் குரல் வரவில்லை. அதிலிருந்தே கரையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நான் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுப் பாலத்தடிக்கு ஓடினேன். மேலே இன்ஜினியர் நோட்டை மூடிக்கொண்டு நின்றார். குழுவில் ஒருவர் பலகையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் மனைவி எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னாள். மெல்லிய அரத்தை எடுத்து அந்த இடத்தை நான்கே இழுப்பு இழுத்தாள், காகிதக் கனம்கூட இருக்காது. துடைத்தாள். மண்ணெண்ணெய். காத்திருந்தாள். மறுபடி துடைத்து, வெள்ளை. அவள் உதடு மட்டும் அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள் என்று பிறகு சொன்னாள்.

வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"சுரண்டி கீறினது" என்றாள். "நம்ம கையால பட்ட கீறல். இரும்பு நல்லா இருக்கு."

அப்போது வந்த தங்கையின் குரலுக்குக் கரையோர நாணலில் இருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தது.

பதினொன்றாம் நாள் எண்பத்து நான்கும் முடிந்தது. இரண்டு இடத்தில் துரு ஆழமாகத் தின்றிருந்தது. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். விரிசல் அந்த ஒன்றுதான். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: பழுது பார்க்கவும்.

இந்தப் பாலத்தைப் பற்றி எனக்கு அதுவரை தெரியாத ஒன்றை அப்போது தெரிந்துகொண்டேன். அதில் எந்தத் துண்டையும் மற்றதைக் கெடுக்காமல் கழற்றி மாற்றலாம். கட்டியவர்கள் அப்படித்தான் யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். கெட்ட தொங்கலுக்கு இரண்டு பக்கமும் புதிய எஃகுக் கம்பிகளை மேல்சட்டத்திலிருந்து இறக்கி, அடியில் குறுக்கு இரும்பைப் பிடித்து, நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார்கள். பாரம் கம்பிகளுக்கு மாற மாற, விரிசலின் வாய் மூடிக்கொண்டே வந்தது. முதலில் பிளேடு நுழைந்த இடத்தில் கடைசியில் ஒன்றும் நுழையவில்லை. "இப்ப இது சும்மா நிக்குது" என்றாள் அவள். "கழட்டலாம்."

பழைய ரிவெட்டுகளின் தலையை வெட்டித் தட்டி எடுக்க இரண்டு நாள். புதிய தொங்கல் பட்டறையிலிருந்து வந்து இறங்கியபோது அளவு ஒரு மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. பொருத்திய ஃபிட்டர்கள் வெளியூர்க்காரர்கள். அவர்களில் மூத்தவர் மேல்சட்டத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்த இரும்பை உருக்கினவங்க யாரோ, கைகூப்பணும்" என்றார். ஏதோ நானே உருக்கியதுபோல எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மூடிய ஐம்பத்து மூன்றாம் நாள் காலையில் பாரச் சோதனை. நடுக்கண்ணின் மேல் மணல் ஏற்றிய நான்கு லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பாலம் எவ்வளவு தாழ்கிறது என்று அடியில் கருவி வைத்து அளக்க வேண்டும். பதினான்கு மில்லிமீட்டர் வரை தாழலாம் என்பது கணக்கு. லாரிகளை எடுத்த பிறகு பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும், அதுதான் முக்கியம்.

இரண்டு கரையிலும் ஜனம். மச்சான் என் பக்கத்தில் வந்து நின்றார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்து, மடித்து, மறுபடி பிரித்தார். கீழே சாரத்தில் கருவியின் முன் இன்ஜினியரும் என் மனைவியும் தங்கையும். தலைமைப் பொறியாளர் குடையோடு கரையில் நின்றார்.

லாரிகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து ஏறின. பாலம் ஒருமுறை முனகியது. இரும்புக்கு இரும்பு உரசும் சின்னச் சத்தம், அவ்வளவுதான். கரையில் பெண்கள் சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"நாலு" என்று தங்கை கத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏழு." பிறகு நான்காவது லாரி நின்றதும், "பதினொண்ணு. நின்னுடுச்சு."

ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருந்தார்கள். அந்த ஒரு மணி நேரமும் என் மனைவி அந்த லாரிகளுக்கு நேர் அடியில் நின்றாள். நகர வேண்டிய அவசியம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியட்டும் என்று நின்றாள் போல. லாரிகள் பின்வாங்கி இறங்கின. இந்தத் தடவை தங்கை உடனே கத்தவில்லை. இன்ஜினியர் குனிந்து பார்த்து, கருவியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்து, அவளிடம் ஏதோ சொன்னார்.

"அரை மில்லிகூட இல்ல!" குரல் இரண்டு கரைக்கும் போய்ச் சேர்ந்தது. "திரும்பி வந்துடுச்சு!"

கைதட்டல் அக்கரையில்தான் முதலில் ஆரம்பித்தது.

மத்தியானம் கொட்டகையில் பாலத்தின் பதிவேட்டைத் திறந்தார்கள். தோல் அட்டை போட்ட கனமான புத்தகம். பாலம் திறந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு பழுதும் அதில் இருக்கிறது. முதல் பக்கத்துக் கையெழுத்து பழுப்பேறி, பூச்சிக்கால் மாதிரி இருந்தது. எல்லாம் பொறியாளர்கள் எழுதியது. இன்ஜினியர் தேதி போட்டு, பழுதை விவரித்து, 'முன்பு பரிசோதித்தபோது என்னால் கண்டறியப்படவில்லை' என்று தன் பெயரைப் போட்டார். அதற்குக் கீழே 'கண்டறிந்தவர்' என்று எழுதி, அவள் பெயரை முதலெழுத்தோடு முழுசாக எழுதி, பக்கத்தில் 'பெயிண்டர்' என்று சேர்த்து, புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

அவள் விரலை வைத்து நிதானமாகப் படித்தாள்.

"பெயிண்டர்னு போட்டிருக்கீங்க சார். மேஸ்திரி."

இன்ஜினியர் அதை ஒரே கோடாக அடித்து, மேலே 'மேஸ்திரி' என்று எழுதி, திருத்தத்துக்குச் சுருக்கொப்பம் போட்டார். தலைமைப் பொறியாளர் அம்மாள் தன் பேனாவைக் கழற்றி அவளிடம் நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டபோது கொட்டகையில் எல்லோரும் எழுந்து நின்றோம். யாரும் சொல்லி எழவில்லை.

மூன்று மணிக்குத் தடுப்பை எடுத்தார்கள். முதல் வண்டி என் பஸ். ஏறத் தொடங்கிய கூட்டத்தில் முதல் ஆள் மச்சான். எனக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, எனக்குக் கேட்கும்படி அல்ல, கடைசி இருக்கைக்குக் கேட்கும்படி பேச ஆரம்பித்தார்.

"எண்பத்து நாலு முனை. ஒண்ணு விடாம பார்த்தது யாரு? என் தங்கச்சி. பெரிய பெரிய படிப்பு படிச்சவங்க பார்த்து விட்டதை என் தங்கச்சி பார்த்தா. விழாவை எப்ப வேணும்னாலும் வைக்கலாம். ஆளு இருந்தாத்தானே விழா?"

"அன்னைக்கு நீங்கதானே சத்தம் போட்டீங்க?" என்றார் டெய்லர்.

"கூடப்பிறந்த மாதிரி வளர்ந்தவன். ஒரு வார்த்தை பேச உரிமை இல்லையா? நீர் ரொம்பப் பேசாதேயும்."

பஸ் பாலத்தில் ஏறியது. நடுக்கண்ணில் அவள் சாரத்தின் மேல் நின்று புதிய தொங்கலுக்கு முதல் பூச்சு அடித்துக்கொண்டிருந்தாள். தங்கை எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். என் மனைவி திரும்பவில்லை, பூச்சு காய்வதற்குள் ஓரத்தை இழுத்து முடிக்க வேண்டும்.

"மெதுவா ஓட்டுங்க மாப்பிள்ளை" என்றார் மச்சான். "எல்லாரும் நல்லாப் பார்க்கட்டும்."

ஜன்னல் பக்கம் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். நான் இரண்டாவது கியருக்கு இறக்கி, நடக்கிற வேகத்தில் அந்த இடத்தைக் கடந்தேன். பின்னால் டிராக்டர்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.